மலையில் வானம் மாறும் நேரத்தைப் படமெடுப்பது: ட்ரெக்கிங் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

டென்ட், சாப்பாடு, மாற்றுத்துணி, கேமரா எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு சில நாட்கள் மலையில் நடக்கிறவர்களுக்காக எழுதியது இது. மழை, மூடுபனி, காற்று, மின்னல் எல்லாம் வரும் இடத்தில் நல்ல படமும் எடுக்க வேண்டும், பத்திரமாகக் கீழேயும் இறங்க வேண்டும். இந்த இரண்டு ஆசையும் உள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மிரட்டலான படம் வேண்டுமென்றால் புயலுக்குள்ளேயே நிற்க வேண்டுமா?

வேண்டாம். புயலின் நடுவில் நின்றால் பெரும்பாலும் சாம்பல் நிறம் மட்டும்தான் தெரியும். மலை தெரியாது, மேகத்தின் வடிவம் தெரியாது, லென்ஸ் முழுக்கத் தண்ணீர். படம் இருப்பது விளிம்பில். புயல் வந்து மூடுவதற்கு முந்தைய அரை மணி நேரம், அது விலகத் தொடங்கும் அரை மணி நேரம், இந்த இரண்டையும் குறிவையுங்கள். ஒரு பக்கம் கருமேகம், இன்னொரு பக்கம் வெளிச்சம், நடுவில் மலை. கண்ணை இழுக்கும் மலைப்படங்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பில்தான் இருக்கின்றன.

மிதவெப்ப மண்டலங்களில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகரும். அதனால் மாலையில் புயல் உங்களைத் தாண்டிக் கிழக்கே போகும்போது மேற்கு அடிவானத்தில் ஒரு இடைவெளி திறந்தால், தாழ்ந்த வெயில் அதன் வழியாக வந்து கிழக்கிலுள்ள மலைமுகத்தில் நேராக விழும். பின்னணியில் கருமேகம் அப்படியே நிற்கும். இந்த வெளிச்சம் சில நிமிடங்களே நீடிக்கும். மழை நிற்கப்போகிறது என்று தோன்றும்போதே கேமராவோடு வெளியே வந்து நிற்பவருக்குத்தான் அது கிடைக்கும். முழுசாக நின்ற பிறகு டென்ட் ஜிப்பைத் திறக்கிறவருக்குக் கிடைக்காது.

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். சூரியனுக்கு எதிர்ப்பக்கத்துச் சிகரங்கள் அதன் பிறகும் கொஞ்ச நேரம் இளஞ்சிவப்பாக ஒளிரும். அந்தத் திசையில் அடிவானத்தை ஒட்டி நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும்; அது பூமியின் நிழல். அதற்கு மேலே ரோஜா நிறப் பட்டை. மேற்கே பார்த்தே நிற்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மலையில் மட்டும் வானிலை ஏன் இவ்வளவு சீக்கிரம் மாறுகிறது?

காற்றுக்கு மலை ஒரு தடுப்பு. சரிவில் மோதும் காற்று மேலே ஏறியே ஆக வேண்டும். ஏறும் காற்று விரிவடைந்து குளிர்கிறது. உலர்ந்த காற்று 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். ஈரக்காற்று ஓரளவுக்கு மேல் குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி துளிகளாகி மேகமாகிறது. அதனால்தான் சமவெளியில் வெயில் அடிக்கும்போதே முகட்டில் மேகம் கவிந்திருக்கும்.

கோடையில் இதோடு வெயிலும் சேர்கிறது. காலையில் சரிவுகள் சூடாகி, காற்று மேலே எழும்பி, நண்பகலுக்குள் திரள்மேகமாகிப் பிற்பகலில் இடிமழையாகக் கொட்டும். உயரமான முகடுகளைக் காலையிலேயே கடந்து, மதியத்துக்குள் இறங்கிவிடு என்று மலையேறிகள் சொல்வது இதனால்தான். படமெடுப்பவருக்கும் இதே அட்டவணை பொருந்தும். முகட்டுப் படங்கள் விடியலில், புயல் படங்கள் மாலையில், கீழிருந்து.

நெட்வொர்க் இல்லாத இடத்தில், வரப்போவதை எப்படி ஊகிப்பது?

ஏறுவதற்கு முன் உயரவாரியான முன்னறிவிப்பைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்து ஊருக்கான முன்னறிவிப்பு சிகரத்துக்கு உதவாது. மேலே போனபின் வானம்தான் முன்னறிவிப்பு. நான் நம்பும் அறிகுறிகள் சில உண்டு.

சூரியனையோ நிலாவையோ சுற்றிப் பெரிய வளையம் தெரிந்தால், உயரத்தில் பனிப்படிக மேகம் மெல்லியதாகப் பரவியிருக்கிறது என்று பொருள். கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் உள்ள தூரம்தான் ஏறக்குறைய அதன் ஆரம், 22 டிகிரி. அந்த மேகம் மேலும் தடித்துக் கீழிறங்கிக்கொண்டே வந்தால் ஒரு நாளுக்குள் மழையோ பனியோ வர வாய்ப்பு அதிகம்.

சிகரத்துக்கு அருகே வழவழப்பான லென்ஸ் வடிவ மேகம் நகராமல் நின்றால், மேலே பலமான காற்று அலை அலையாக மலையைத் தாண்டுகிறது. மேகம் நிற்பதுபோல் தெரிந்தாலும் காற்று அதற்குள் புகுந்து வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. படத்துக்கு இது அற்புதமான மேகம். முகட்டு நடைக்கு எச்சரிக்கை. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைவில் வையுங்கள்.

காலை பத்து மணிக்கே மேகங்கள் அகலத்தைவிட உயரமாகக் கோபுரம் கட்டத் தொடங்கினால் அன்று இடி வரும் என்றே திட்டமிடுங்கள்.

அப்புறம், கைக்கடிகாரத்தில் அழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் கருவி இருந்தால் அதையே காற்றழுத்தமானியாகப் பயன்படுத்தலாம். படுக்கும்போது காட்டிய உயரத்தைக் குறித்து வையுங்கள். நீங்கள் நகராமலேயே காலையில் அது 40 மீட்டர் கூடியிருந்தால், அழுத்தம் சுமார் 4 அல்லது 5 மில்லிபார் குறைந்திருக்கிறது. வானிலை கெடப்போகிறது.

பள்ளத்தாக்கை நிரப்பும் மேகக்கடல் எப்போது கிடைக்கும்?

முந்தின நாள் மழை பெய்து தரை ஈரமாக இருக்க வேண்டும். இரவில் வானம் தெளிந்து காற்று ஓய வேண்டும். அப்போது தரை வெப்பத்தை இழந்து, குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தில் தேங்கும். அதன்மேல் சூடான காற்று மூடிபோல் அமரும். மூடுபனி அந்த மூடிக்குக் கீழேயே சிக்கிக்கொள்ளும். நீங்கள் அதற்கு மேலே இருந்தால் போதும். இரவில் மழை நின்று நட்சத்திரம் தெரிகிறது என்றால், மறுநாள் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அலாரம் வைத்துவிடுங்கள். வெயில் ஏறினால் மேகமும் எழும்பி உங்களையே மூடிவிடும்.

டென்டை எங்கே அடிப்பது?

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். படம் கிடைப்பதை லென்ஸைவிட டென்ட் இருக்கும் இடம்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

முகட்டின்மேல் அடிக்காதீர்கள்; காற்றும் மின்னலும் அங்கேதான். தனி மரத்தடி, ஓடை ஓரம், வறண்ட ஆற்றுப்படுகை எதுவும் வேண்டாம். மேலே எங்கோ பெய்த மழை ராத்திரியில் தண்ணீராக வந்து இறங்கும். பள்ளத்தின் அடியும் நல்லதல்ல, குளிர்காற்று அங்கேதான் தேங்கும். முகட்டுக்குக் கீழே, காற்று மறைவில், கொஞ்சம் மேடான இடமாகப் பாருங்கள். அங்கிருந்து திறந்த காட்சி தெரியும் இடத்துக்கு பத்து நிமிட நடை இருந்தால் போதும். மழை இடைவெளி விடும்போது ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி பிடித்தால் திரும்பி வந்துவிடலாம்.

வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு இடங்களைத் தேர்ந்து வையுங்கள். ஒன்று விடியலுக்கு, ஒன்று அந்திக்கு. அந்த வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். வழுக்கும் பாறை எது, விளிம்பு எங்கே முடிகிறது என்பது தெரிந்திருந்தால் நெற்றி விளக்கோடு இருட்டில் போகும்போது தடுமாற வேண்டியதில்லை.

எத்தனை லென்ஸ் சுமக்கலாம்?

ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் 24 முதல் 105 அல்லது 120 மி.மீ. வரை போகும் ஒரே ஜூம் லென்ஸ் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். மழையில் லென்ஸ் மாற்றும் வேலையும் இல்லை. இன்னொன்று எடுத்தே தீர வேண்டும் என்றால், பலர் அகலக் கோண லென்ஸை எடுப்பார்கள். நான் 70–200 எஃப்/4 மாதிரி, தூரத்தைக் கிட்டே இழுக்கும் எடை குறைந்த டெலிஃபோட்டோ ஒன்றைச் சொல்வேன். மூடுபனியில் அடுக்கடுக்காகத் தெரியும் முகடுகள், மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் ஒற்றைச் சிகரம், தூரத்து மழைத்திரை எல்லாம் டெலிஃபோட்டோவில்தான் கம்பீரமாக வரும். அகலக் கோணத்தில் பெரிய மலையும் சின்ன மேடாகிவிடும்.

மொபைல் போதாதா?

அகலமான காட்சிகளுக்குத் தாராளமாகப் போதும். ரா ஃபைலாகச் சேமியுங்கள், அதாவது சென்சார் பதிவு செய்ததைச் சுருக்காமல் அப்படியே. பிரகாசமான மேகத்தின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைப் பூட்டி, சற்றே குறைத்து எடுங்கள். நனைந்த திரை விரலுக்குப் பணியாது என்பதால் ஒலி பட்டனால் கிளிக் செய்யப் பழகுங்கள். குளிரில் போன் திடீரென்று அணைந்துவிடலாம்; உதவிக்கு அழைக்க வேண்டிய கருவியும் அதுவே என்றால் அதன் சார்ஜைப் படத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

ட்ரைபாட் தேவையா? காற்றில் ஆடுகிறதே?

விடியல், அந்தி, இரவு, மின்னல் இவற்றுக்குத் தேவை. பகல் நேரத்துக்கு நல்ல ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமரா போதும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் பலமான காற்றில் ட்ரைபாடைப் பாதி உயரத்துக்குத் தாழ்த்துவதே பெரிய வித்தியாசம் தரும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கேமராவின் பட்டையைக் கழற்றிவிடுங்கள், அது படபடத்தே படத்தைக் கலைத்துவிடும். முதுகுப்பையைக் கொக்கியில் தொங்கவிடுவதானால் அது தரையைத் தொடும்படி தொங்க வேண்டும். அந்தரத்தில் ஆடும் பை, ட்ரைபாடையும் சேர்த்து ஆட்டும்.

மூடுபனியிலும் பனியிலும் படம் ஏன் மங்கலாக, அழுக்காக வருகிறது?

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளையைக் காட்டினால் அதைச் சாம்பலாக்கிவிடும். மூடுபனியில் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. வெயில் படும் வெண்பனியில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை. பின்திரையை நம்பாமல், இருட்டு இடமாகவும் வெளிச்சம் வலமாகவும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். மேடு வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், ஆனால் விளிம்பில் மோதக்கூடாது.

மேகத்தின் நடுவே வெயில் பீறிடும் காட்சியில் நேர்மாறு. அங்கே பிரகாசமான இடம் வெளிறிப் போகாமல் காப்பதே முதல் வேலை. நிழலைப் பிறகு ரா ஃபைலில் எழுப்பிக்கொள்ளலாம், வெளிறிப்போன மேகத்தை மீட்க முடியாது. சந்தேகமாக இருந்தால் மூன்று வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்து வையுங்கள். ஆனால் வேகமாக ஓடும் மேகத்தில் மூன்றையும் இணைத்தால் பேய் உருவம் மாதிரி இரட்டை விளிம்பு வரும், அதனால் நான் பெரும்பாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே வேலை செய்கிறேன்.

மூடுபனியில் ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். பாறையின் கூர்மையான விளிம்பு எதையாவது பிடித்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஆழம் வேண்டுமென்றால் அருகே கருமையாக ஒரு மரமோ பாறையோ மனிதரோ இருக்கட்டும். பக்கத்தில் அடர்த்தி, தொலைவில் மங்கல் என்ற படிநிலைதான் கண்ணுக்குத் தூரத்தைச் சொல்கிறது.

மழையும் பனியும் படத்தில் தெரிய என்ன ஷட்டர் வேகம்?

மழை கோடுகளாகத் தெரிய 1/60 முதல் 1/125 நொடி வரை முயலுங்கள், பின்னணி கருமையாக இருக்க வேண்டும். வெளுத்த வானத்தின் முன்னால் எந்த வேகத்திலும் மழை தெரியாது. விழும் பனித்துகள் நிற்க 1/500, இழைய 1/30. மேகம் ஓடுவதைக் காட்ட நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைப்பது இன்று பலருக்குப் பிடித்த முறை. எனக்கு அதில் உடன்பாடு குறைவு. மேகத்தின் உருவம்தான் புயலின் முகம். அதைத் தேய்த்து வழித்துவிட்டால் எந்த மலையின் எந்தப் புயலும் ஒன்றுபோலவே ஆகிவிடும்.

மின்னலைப் படமெடுக்க ஆசை. எப்படி?

முதலில் தூரம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, நீங்கள் அதன் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். படம் எடுக்கும் பேச்சே அப்போது இல்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே திறந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

எடுக்கக்கூடிய மின்னல் எது என்றால், இரவில் அகன்ற பள்ளத்தாக்குக்கு அப்பால் வெகு தொலைவில், உங்களைவிட்டு விலகிப் போகும் புயலில் அடிப்பது. மின்னல் ஒளி இரவில் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியலாம். இடியோசை பொதுவாக 15, 20 கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. ஆனால் மலையில் காற்றும் முகடும் ஒலியை மறைக்கும் என்பதால் மௌனத்தை மட்டும் நம்பாமல், புயல் நகரும் திசையையும் உங்கள் தலைக்கு மேலிருக்கும் மேகத்தையும் பாருங்கள். அமைப்பு எளிது. ட்ரைபாட், ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 200, லென்ஸ் துளை எஃப்/5.6 முதல் எஃப்/8, ஷட்டர் 15 முதல் 20 நொடி, தொலைவுக்கு மேனுவல் ஃபோகஸ், தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருங்கள். எதில் மின்னல் விழுகிறதோ அதுதான் படம்.

முகட்டில் இருக்கும்போது முடி சிலிர்த்து நின்றாலோ, ஊன்றுகோலிலிருந்து ரீங்காரம் கேட்டாலோ, எந்த நொடியும் மின்னல் விழலாம். ட்ரைபாடையும் கோலையும் போட்டுவிட்டு உடனே சரிவில் இறங்குங்கள். ஆளுக்கு ஆள் இடைவெளி விடுங்கள். தனி மரம், பாறை இடுக்கு, சின்னக் குகை வாய் எதுவும் அடைக்கலம் அல்ல. டென்டும் அல்ல.

வானவில்லுக்கும், மேகத்தில் விழும் வளைய நிழலுக்கும் எங்கே நிற்க வேண்டும்?

இரண்டுக்கும் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். வானவில் உங்கள் தலைநிழலை மையமாகக் கொண்டு 42 டிகிரி ஆரத்தில் வரும். அதனால் சூரியன் தாழ்ந்திருக்கும்போதுதான் அது உயரமாக நிற்கும். முழு வளைவும் அடங்க 20 மி.மீ. அல்லது அதைவிட அகலமான லென்ஸ் வேண்டும். நீங்கள் நகர்ந்தால் வானவில்லும் கூடவே நகரும் என்பதை மறக்காதீர்கள், ஏனென்றால் அதன் கால் எந்த மலையில் ஊன்ற வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். மலையேறியும் புகைப்படக் கலைஞருமான கேலன் ரோவெல் 1981-இல் திபெத்தின் லாசாவில் வானவில்லைப் பார்த்ததும், அது போத்தலா அரண்மனைமேல் இறங்குவதுபோல் அமையும் இடம் தேடி ஓடினார். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது ஓட்டத்தால்தான்.

மற்றது ப்ரோக்கன் நிழலுரு. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைகளிலுள்ள ப்ரோக்கன் சிகரத்தின் பெயர் அது. தாழ்ந்த வெயிலில் முகட்டில் நின்று, கீழே மூடுபனி இருந்தால், உங்கள் நிழல் பிரம்மாண்டமாக அதன்மேல் விழும், தலையைச் சுற்றி வண்ண வளையம். அவரவர் தலையைச் சுற்றி மட்டுமே அவரவருக்கு வளையம் தெரியும். படத்தில் அது கேமராவின் நிழலை மையமாகக் கொண்டிருக்கும். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியிலிருந்த வானிலை நிலையத்தில் 1894-இல் சில வாரங்கள் தங்கிய இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், இந்த வளையங்களைப் பார்த்து வியந்து ஆய்வகத்தில் மேகம் உண்டாக்க முயன்றார். அதிலிருந்து பிறந்ததுதான் துகள்களின் தடம் காட்டும் மேக அறை. 1927-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. முகட்டில் மேகத்தை உற்றுப் பார்த்து நிற்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று இது.

போலரைசர் எடுத்துப் போகலாமா?

எடுக்கலாம். லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் ஃபில்டர் அது. நனைந்த பாறை, இலைகளின் பளபளப்பைக் குறைக்கும். வானவில்லில் மட்டும் கவனம். ஒரு கோணத்தில் திருப்பினால் வண்ணம் கூடும், மறு கோணத்தில் வானவில்லே காணாமல் போகும்.

கேமரா நனையாமல் எப்படிக் காப்பது?

‘வெதர் சீல்’ என்றால் தண்ணீர் புகாது என்று பொருளல்ல. தண்ணீர் புகாத சிறிய டிரை பேக் ஒன்றை முதுகுப்பையின் தோள்பட்டையிலோ இடுப்புப் பட்டையிலோ மாட்டி, கேமராவை அதில் வையுங்கள். மழைச்சட்டைக்குள் கழுத்தில் தொங்கவிட்டால் உடம்பின் வியர்வை ஈரத்திலேயே லென்ஸ் பூத்துவிடும். முதுகுப்பைக்குள்ளே புதைத்தால் அது வெளியே வரவே வராது. மைக்ரோஃபைபர் துணி குறைந்தது மூன்று வேண்டும், ஜிப் பைக்குள் உலர்ந்தபடி. லென்ஸ் ஹுட் எப்போதும் போட்டிருக்கட்டும். துளி விழுவதை அதுவே பாதி தடுக்கும்.

குளிரில் கிடந்த கேமராவை டென்டுக்குள் கொண்டு வந்தால் மூச்சின் ஈரம் அதன்மேல் படியும். வெளியிலேயே ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடிய பின் உள்ளே எடுங்கள். ஈரம் பையின்மேல் படியட்டும். பேட்டரிகளைப் பகலில் உள்சட்டைப் பையிலும் இரவில் ஸ்லீப்பிங் பேக்கிலும் வையுங்கள். குளிரில் தீர்ந்துவிட்டதாகக் காட்டும் பேட்டரி, சூடேறினால் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் உழைக்கும்.

கூட வருகிறவர்கள் காத்திருக்க மாட்டார்களே?

நடக்கும் நேரத்தில் காத்திருக்கச் சொல்வது நியாயமும் அல்ல; நனைந்த உடம்பு நின்றால் குளிர்ந்துவிடும். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முகாமில் அவர்கள் சமைக்கும் நேரம் உங்களுடைய நேரம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

எடிட்டிங்கில் புயலைக் கூட்டலாமா?

மூடுபனியை நீக்கும் ஸ்லைடரைத் தொடும் முன் யோசியுங்கள், அந்த மூடுபனிக்காகத்தானே அவ்வளவு தூரம் ஏறினீர்கள்? வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்வது, நிழலைக் கொஞ்சம் எழுப்புவது, மேகத்தில் மாறுபாட்டைக் கூட்டுவது எல்லாம் சரி. வேறொரு நாளின் வானத்தை ஒட்டுவது எனக்கு ஏற்பில்லை. அந்த மலையில் அந்த மேகம் ஏன் வந்தது என்பதற்குக் காற்றும் ஈரமும் சரிவும் காரணம். ஒட்டிய வானத்துக்கு அந்தக் காரணம் எதுவும் கிடையாது.

எப்போது கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும்?

இடியோசை கேட்டால். காற்றில் நேராக நிற்க முடியாவிட்டால். திரும்பும் வழியில் ஓடைநீர் ஏறத் தொடங்கினால். வழி தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கினால்.

இன்னொன்று உங்கள் விரல்கள். கேமரா பட்டனை அழுத்தவோ ஜிப்பை இழுக்கவோ விரல் தடுமாறினால், உடம்பு வெப்பத்தை இழக்கத் தொடங்கியிருக்கலாம். நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் நடை, எதிலும் அக்கறையில்லாத மனநிலை எல்லாம் உடல் வெப்பம் ஆபத்தாக இறங்குவதன் அறிகுறிகள். பாதிக்கப்பட்டவருக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை, அதனால் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளுங்கள். நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததை மாற்றுங்கள், ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுங்கள், முழு நினைவோடு இருந்தால் சூடாகவும் இனிப்பாகவும் ஏதாவது குடிக்கக் கொடுங்கள். இதற்காகவே ஒரு செட் உலர்ந்த துணியைத் தனி டிரை பேக்கில் கட்டி வையுங்கள். எவ்வளவு நல்ல வெளிச்சம் வந்தாலும், படமெடுக்க வெளியே போகும்போது அதை உடுத்திக்கொண்டு போகாதீர்கள்.